யாரும் வெல்லாத விளையாட்டும் கேரி கைகாக்ஸும்

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கட வீட்டு பேஸ்மன்டுகளில் நடக்கிற ஒரு விஷயத்தைப் பற்றி இந்த முறை எழுதலாம் என்று நினைக்கிறேன். நாலைந்து பிள்ளையள் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் மட்டும் முன்னால் ஒரு மட்டையை மறைப்பாக நிறுத்தி வைத்துக்கொண்டு கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுவார்கள். இடைக்கிடை இருபது முகம் கொண்ட ஒரு தாயக்கட்டை உருளும். உடனே ஒரு கூச்சல், இல்லாவிட்டால் ஒரு பெருமூச்சு. நாலு மணித்தியாலம், ஐந்து மணித்தியாலம் இப்படியே போகும். மேலே குசினியில் நிற்கிற எங்களுக்கு ஒன்றும் விளங்காது. அவர்கள் பசியோடு மேலே வரும்போது யார் வென்றது என்று கேட்போம். ஒருத்தரும் வெல்லவில்லை, அடுத்த கிழமை தொடரும் என்று பதில் வரும்.

அந்த விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பாதாளச் சிறைகளும் பறவை நாகங்களும் என்று வைத்துக்கொள்ளலாம். என்னுடைய மகள் பத்தாம் வகுப்பில் இருந்து இதை விளையாடுகிறாள். ஒருவரும் வெல்லாத ஒன்றை விளையாட்டு என்று எப்படிச் சொல்லுவது என்ற கேள்வி எனக்குக் கனகாலம் இருந்தது. தாயம், கரம், கிளித்தட்டு, 304 என்று எங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் கடைசியில் ஒருவர் வெல்லுவார், மற்றவர் முகத்தைத் தொங்கப்போடுவார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கேரி கைகாக்ஸ் என்ற மனிதருடைய வாழ்க்கையை வாசித்தேன். இந்த விளையாட்டை உலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதலாவதாகச் சொல்லப்படுகிற பெயர் அவருடையது. புலம்பெயர்ந்த ஆக்கள் தெரிந்திருக்க வேண்டிய கதை அது என்று எனக்குப் படுகிறது.

முதலில், அவரும் ஒரு புலம்பெயர்ந்தவரின் பிள்ளை. 1938 ஜூலை 27ஆம் திகதி சிக்காகோவில் பிறந்தார். அப்பா ஏர்ன்ஸ்ட் கைகாக்ஸ் சுவிற்சர்லாந்தில் இருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். வயலின் வாசிப்பவர், சிக்காகோ சிம்பொனி இசைக்குழுவிலும் வாசித்திருக்கிறார். இரவில் மகனைப் படுக்கப் போடும்போது மந்திரவாதிகளும் வீரர்களும் வருகிற கதைகளைத் தானே கட்டிச் சொல்லுவாராம். கேரிக்கு எட்டு வயதளவில், தெருப் பெடியங்களோடு சேர்ந்து சண்டை சச்சரவில் மாட்டத் தொடங்கியதால், குடும்பம் சிக்காகோவை விட்டு விஸ்கொன்சின் மாநிலத்தில் அம்மாவின் ஊரான லேக் ஜெனீவாவுக்குப் போனது. எங்கட ஆக்கள் மார்ச் மாதத்தில் பதாகையோடு போகிற ஜெனீவா இல்லை இது. ஏரிக்கரையில் இருக்கிற ஒரு சின்ன அமெரிக்க ஊர். பிற்காலத்தில் உலகம் முழுக்க அந்த ஊரின் பெயர் தெரியவந்ததற்கு இந்தப் பெடியன்தான் காரணம்.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. வாசிப்பில் கெட்டிக்காரர். மலிவு விலை மாத சஞ்சிகைகளில் வந்த மாயாஜாலக் கதை, விஞ்ஞானக் கதை எல்லாவற்றையும் விழுந்து விழுந்து வாசித்தார். சதுரங்கம் பழகினார். பதின்ம வயதில் அப்பா இறந்துபோனார். பள்ளிக்கூடத்தை முடிக்காமலே வெளியேறினார். கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார், நிமோனியா வந்ததால் கொஞ்ச நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருபது வயதில் கலியாணம். பிறகு சிக்காகோவில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை. யாருக்கு என்ன ஆபத்து வரச் சாத்தியம் எவ்வளவு, அதற்கு எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று கணக்குப் பார்க்கிற வேலை. பின்னாளில் ஒரு வாள்வீச்சு படுவதற்கும் தவறுவதற்கும் உள்ள சாத்தியத்தை அட்டவணை அட்டவணையாக எழுதியவருக்கு அந்த மேசை நல்ல பள்ளிக்கூடமாக இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் போர் விளையாட்டு என்று ஒன்று பரவிக்கொண்டிருந்தது. அதன் வேர் பழையது. 1824இல் பிரஷ்ய இராணுவம் தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க வரைபடமும் தாயக்கட்டையும் நடுவரும் கொண்ட ஒரு விளையாட்டை ஏற்றுக்கொண்டது. 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் படைவீரர்களை வைத்து வீட்டுத் தரையில் விளையாடும் முறையைப் புத்தகமாக எழுதினார். 1958இல் கெற்றிஸ்பேர்க் என்ற பெயரில், அமெரிக்க உள்நாட்டுப் போரை மேசையில் நடத்துகிற விளையாட்டுப் பெட்டி ஒன்று கடைக்கு வந்தது. கைகாக்ஸ் அதில் விழுந்தவர் எழும்பவே இல்லை.

இதைப் பற்றி ஒரு கதை சொல்லுவார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மனைவிக்கு, புருஷன் அடிக்கடி இரவில் காணாமல் போவது சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. வேறு ஒருத்தியோடு தொடர்பு என்றே நினைத்துவிட்டார். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிக்கிறதென்று நண்பர் ஒருவருடைய வீட்டு பேஸ்மன்டுக்குள் இறங்கிப் போய்ப் பார்த்தால், வளர்ந்த ஆம்பிளையள் ஒரு வரைபடத்தைச் சுற்றி இருந்து போர் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு நிம்மதியா கோபமா வந்தது என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இந்த ஆட்களை ஒன்றாகக் கூட்ட வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. கடிதம் எழுதி, சின்னச் சின்னச் சஞ்சிகைகளில் கட்டுரை எழுதி, நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த விளையாட்டுக்காரர்களைத் தெரிந்துகொண்டார். 1968இல் லேக் ஜெனீவாவில் ஒரு மண்டபத்தை 50 டொலருக்கு வாடகைக்கு எடுத்து ஒரு கூட்டம் வைத்தார். பெயர் ஜென் கொன். ஊரின் பெயரையும், போர்க் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லுகிற ஜெனீவா உடன்படிக்கையையும் சேர்த்துச் செய்த ஒரு சிலேடை. இன்றைக்கு இண்டியானாபொலிஸ் நகரத்தில் நடக்கிற அதே கூட்டத்துக்கு 70,000 பேருக்கு மேல் வருகிறார்கள்.

1970இல் காப்புறுதி வேலை போனது. வீட்டில் ஐந்து பிள்ளையள். கைகாக்ஸ் பேஸ்மன்டில் மெசினைப் போட்டுச் சப்பாத்துத் திருத்தத் தொடங்கினார். ஊரில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் இருந்துவிட்டு இங்கே வந்து பேஸ்மன்ட் வாடகைக்கு இருந்து, கிடைத்த வேலையைச் செய்த ஆக்களுக்கு நான் இந்த இடத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பகலில் அடிச்சப்பாத்து மாற்றுவார். இரவில் தட்டச்சு மெசினில் விளையாட்டு விதிகள் எழுதுவார். 1971இல் ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து செயின்மெயில் என்ற புத்தகத்தை வெளியிட்டார். மத்திய காலத்துப் போர்களைப் பொம்மைகளை வைத்து நடத்துகிற விதிகள். அதன் கடைசிப் பகுதியில் மந்திரவாதிகள், பூதங்கள், பறவை நாகங்கள் வந்தால் என்ன செய்வது என்றும் எழுதிச் சேர்த்திருந்தார். அப்பா இரவில் சொன்ன கதைகள் அந்தக் கடைசிப் பக்கங்களில் வந்து இறங்கின.

இப்ப இந்தக் கதைக்குள் இன்னொருவர் வரவேண்டும். அவரை விட்டுவிட்டு இதைச் சொல்லுவது நியாயமில்லை. பெயர் டேவ் ஆர்னசன். பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் இருந்த இளைஞர். அங்கே டேவிட் வெஸ்லி என்ற அவருடைய நண்பர் ஒரு புதுமை செய்திருந்தார். ஒவ்வொரு விளையாட்டுக்காரரும் ஒரு படையை நடத்துவதற்குப் பதிலாக ஒரு ஊரில் இருக்கிற ஒரேயொரு ஆளாக இருக்க வேண்டும். ஒருவர் நகரபிதா, ஒருவர் மாணவர் தலைவர் என்று. ஆர்னசன் அதை எடுத்து, செயின்மெயிலின் மாயாஜாலப் பகுதியைச் சேர்த்து, பிளக்மூர் என்ற கற்பனை நாட்டை உருவாக்கினார். ஒரு கோட்டை, அதற்குக் கீழே சுரங்க அறைகள். விளையாடுகிறவர்கள் அதற்குள் இறங்கி, உயிரோடு வெளியே வந்தால், அடுத்த கிழமை அதே ஆளாகத் தொடரலாம். அந்த ஆள் அனுபவம் பெறுவார், வளருவார். முடிவு என்று ஒன்று இல்லை.

1972இன் கடைசியில் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து கைகாக்ஸ் வீட்டில் பிளக்மூரை நடத்திக் காட்டினார். கைகாக்ஸுக்கு அது தலைக்கேறியது. விதிகளைத் தாருங்கள் என்று கேட்டார். வந்தது கிட்டத்தட்ட இருபது பக்கக் குறிப்புகள். ஆர்னசன் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருந்து நடத்துகிறவர், எழுதுகிறவர் இல்லை. கைகாக்ஸ் எழுதுகிறவர். இருந்து தட்டச்சு செய்து 50 பக்கம் ஆக்கினார், பிறகு அதை 150 பக்கம் ஆக்கினார். ஒரு ஆளுக்கு ஆறு குணங்கள்: பலம், அறிவு, ஞானம், உடல் உறுதி, லாவகம், கவர்ச்சி. மூன்று தாயக்கட்டை உருட்டி ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும். பாடசாலைகளுக்குப் பொருட்கள் விற்கிற கொம்பனி ஒன்றிடம் இருந்து நாலு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட கட்டைகளை வாங்கினார்கள். கணித வகுப்பில் காட்டுவதற்குச் செய்யப்பட்ட கட்டைகள் மந்திரவாதியின் கைக்குப் போயின.

அந்த விதிகளை முதன்முதலில் விளையாடிப் பார்த்தவர்கள் அவருடைய மூத்த மகனும் மகளும். அப்பா மேசையில் கதை சொல்ல, பிள்ளையள் இரண்டு பேரும் இருட்டுக்குள் இறங்கிக் குட்டிப் பூதங்களை வென்று ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். திறந்தால் முழுக்கச் செப்புக் காசு. தூக்க முடியாத பாரம். பிள்ளையளுக்கு ஏமாற்றம். ஆனாலும் அடுத்த நாளும் விளையாட வந்தார்கள், நண்பர்களும் வந்தார்கள். விளையாட்டுக்குப் பெயர் வைக்கும்போது சொற்களைப் பட்டியலாக எழுதி வீட்டாருக்குக் காட்டினார். சின்ன மகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பதைத் தெரிவு செய்தாள். ஆக, ஒரு சுவிஸ் அப்பா மகனுக்குச் சொன்ன கதை, மகன் தன் பிள்ளையளோடு இருந்து விளையாடும் விளையாட்டாக மாறியது. ஒரு வீட்டுக்குள் நடந்த விஷயம் இது. காசு பிறகுதான் வந்தது.

பெரிய விளையாட்டுக் கொம்பனி வேண்டாம் என்றது. சரி, நாங்களே அச்சடிப்போம் என்று 1973 ஒக்டோபரில் கைகாக்ஸும் அவருடைய சிறுவயது நண்பர் டொன் கேயும் ரி.எஸ்.ஆர். என்ற கொம்பனியைத் தொடங்கினார்கள். அச்சடிக்கக் காசு போதவில்லை. பிரையன் புளூம் என்பவர் முதலீட்டோடு வந்து சேர்ந்தார். 1974 ஜனவரியில் விளையாட்டு வெளிவந்தது. மூன்று சின்னப் புத்தகங்கள், ஒரு பெட்டி, 10 டொலர். அச்சடித்தது 1,000 பெட்டிகள். வீட்டில் இருந்து கையால் அடுக்கிக் கட்டி அனுப்பினார்கள். ஒரு வருஷத்துக்குள் அத்தனையும் விற்றுப்போனது. அட்டையில் இரண்டு பெயர்களும் இருந்தன: கைகாக்ஸ், ஆர்னசன்.

இங்கே இருந்துதான் அவருடைய வாழ்க்கையின் மற்றப் பாதி தொடங்குகிறது. மேசையில் யாரும் வெல்லாத விளையாட்டைச் செய்தவர், ஒருவர் வென்றே தீரவேண்டிய மேசைகளில் போய் இருக்கத் தொடங்கினார்.

1975 ஜனவரியில் டொன் கே மாரடைப்பால் இறந்துபோனார். வயது 36. அவருடைய பங்கை மனைவியிடம் இருந்து வாங்கக் கைகாக்ஸிடம் காசில்லை. புளூம் குடும்பம் வாங்கியது. தன் வீட்டில் பிறந்த கொம்பனியில் கைகாக்ஸின் பங்கு 35 வீதமாகிவிட்டது. அன்றைக்கு அது ஒரு கடுதாசி விஷயம் மட்டும்தான். எல்லாரும் சிநேகிதர்கள், எல்லாரும் ஒரே மேசையில் விளையாடுகிறவர்கள். கடுதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? எங்கட ஆக்கள் மச்சானோடும் ஒன்றாகப் படித்தவனோடும் சேர்ந்து கடை போட்டுப் பிறகு முகம் பார்க்காமல் போன கதைகள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். தொடக்கம் எப்பவும் இப்படித்தான் இருக்கும்.

கைகாக்ஸுக்கு அநியாயம் நடந்தது என்று மட்டும் சொல்லி நான் தப்பமாட்டேன். அவரும் செய்தார். ஆர்னசன் 1976இல் கொம்பனியை விட்டுப் போனார். 1977இல் இருந்து கைகாக்ஸ் அட்வான்ஸ்ட் என்ற சொல்லை முன்னால் போட்டுப் பெரிய பெரிய புத்தகங்களாக விதிகளைத் திருத்தி எழுதினார். அதன் அட்டையில் ஒரு பெயர்தான் இருந்தது. இது வேறு விளையாட்டு, அதனால் ஆர்னசனுக்கு ரோயல்டி இல்லை என்பது கொம்பனியின் கணக்கு. 1979இல் ஆர்னசன் வழக்குப் போட்டார். 1981இல் உடன்பாட்டுக்கு வந்து அவருக்குப் பணம் கொடுக்க வேண்டி வந்தது. ஒரு கோட்டைக்குள் ஒன்றாக இறங்கிய இரண்டு பேர் நீதிமன்றத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1978இல் வந்த அவருடைய விதிப் புத்தகத்தில் பெண் பாத்திரங்களின் பலத்துக்கு ஆண்களை விடக் குறைந்த உச்சவரம்பு வைத்திருந்தார். முதல் நாள் மேசையில் மகளை இருத்தி விளையாடிய மனிதர்தான் அதை எழுதினார். என்னுடைய மகளுக்கு இதைச் சொன்னபோது அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த விதி இப்ப இல்லை என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய வாள்வீராங்கனையின் தாளைக் காட்டினாள்.

எங்கட கதைகளும் அந்தப் புத்தகங்களுக்குள் இருக்கின்றன. 1977இல் வந்த விலங்குகள், பூதங்களின் தொகுப்பில் ராட்சசன் இருக்கிறான். புலித் தலையோடு, பட்டு அங்கி போட்டு, சுங்கான் குடித்துக்கொண்டு இருக்கிற படம். ஆசீர்வதிக்கப்பட்ட அம்பு பட்டால் அவன் சாவான் என்று ஒரு விதி. இது கம்பரிடமோ வான்மீகியிடமோ இருந்து வந்த ராட்சசன் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்க ரி.வி. தொடர் ஒன்றின் சாயல் அதில் இருக்கிறது. 1980இல் ரி.எஸ்.ஆர். வெளியிட்ட தெய்வங்களின் தொகுப்பில் இந்திரன், வருணன், யமன், காளி எல்லாருக்கும் பலம் இவ்வளவு, கவசம் இவ்வளவு என்று எண் போட்டிருக்கிறார்கள். சிலருக்கு இதில் கோபம் வரும். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. விஸ்கொன்சினில் இருந்தவர்கள் தங்களுக்குக் கிடைத்ததை வைத்து விளையாடினார்கள். நெடுந்தீவுக் குதிரைகளையும், வன்னிக் காட்டையும், சந்தி ஆலமரத்து முனியையும், வைரவரின் நாயையும் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருக்கவில்லை. இன்றைக்கு எங்கட பேஸ்மன்டுகளில் இருக்கிற பிள்ளையளுக்கு யார் அதைச் சொல்லியிருக்கிறோம்?

அது நிற்க. 1979இல் மிச்சிகனில் ஒரு பல்கலைக்கழக மாணவர் காணாமல் போனார். அந்தப் பெடியன் இந்த விளையாட்டை விளையாடுகிறவன் என்று தெரிந்ததும் பத்திரிகைகள் அதையே காரணமாக்கிவிட்டன. உண்மைக் காரணங்கள் அவனுடைய தனிமையிலும் மனச்சோர்விலும் இருந்தன. ஆனால் தீ பிடித்துவிட்டது. பிள்ளையளைச் சாத்தானிடம் அனுப்புகிற விளையாட்டு, தற்கொலைக்குத் தள்ளுகிற விளையாட்டு என்று 1980கள் முழுக்கத் தேவாலயங்களிலும் ரி.வி.யிலும் கதைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரம் உண்மையானது, அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனாலும் பின்னர் இதை ஆராய்ந்தவர்கள் விளையாட்டுக்கும் தற்கொலைக்கும் இடையில் காரணத் தொடர்பு எதையும் காணவில்லை. கைகாக்ஸ் 1985இல் நாடு முழுக்கப் பார்க்கிற ரி.வி. நிகழ்ச்சியில் வந்து பதில் சொன்னார். கொலை மிரட்டல்கள் வந்ததால் மெய்க்காப்பாளர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தனிமையில் இருக்கிற பிள்ளையை நாலு பேரோடு ஒரு மேசையில் இருத்துகிற விளையாட்டின் மேல்தான் அந்தப் பழி விழுந்தது.

பழி வர வர விற்பனையும் ஏறியது. 1980களின் தொடக்கத்தில் கொம்பனியின் ஆண்டு வருமானம் 2 கோடி டொலரைத் தாண்டியது. சப்பாத்துத் தைத்த மனிதர் ஹொலிவூட்டுக்குப் போய், ஒரு பழைய சினிமா இயக்குநருடைய மாளிகையை வாடகைக்கு எடுத்து இருந்தார். விளையாட்டை வைத்துக் கார்ட்டூன் தொடர் வந்தது. அதே நேரத்தில் கலியாணம் முறிந்தது. ஊரில் கொம்பனியை நடத்தியவர்கள் தாறுமாறாகச் செலவழித்து, 15 இலட்சம் டொலர் கடனில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். கைகாக்ஸ் திரும்பி வந்தார். தனக்கிருந்த உரிமைகளைப் பயன்படுத்திப் பெரும்பான்மைப் பங்கைக் கையில் எடுத்தார். கொம்பனியைத் தூக்கி நிமிர்த்த லொரெய்ன் வில்லியம்ஸ் என்பவரை நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தார். சில மாதங்களில் புளூம் சகோதரர்கள் தங்கள் பங்குகளை அவருக்கு விற்றுவிட்டார்கள். 1985 ஒக்டோபரில் நடந்த பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் கைகாக்ஸ் தலைவர் பதவியில் இருந்து நீக்கப்பட்டார். நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார். அடுத்த வருஷம் கொம்பனியை விட்டே வெளியேறினார். அங்கே இருந்தும் ஒரு மேசைதான். அதில் தாயக்கட்டை இல்லை, அடுத்த கிழமையும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் தொடங்கிய கொம்பனி நிலைக்கவில்லை. 1992இல் புதிய விளையாட்டு ஒன்றை எழுதினார். பழைய கொம்பனி அவர் மேலேயே வழக்குப் போட்டது. தான் உருவாக்கிய சொற்களைத் தானே பாவிக்க முடியாத நிலை. ஆர்னசன் ஒரு காலத்தில் நின்ற இடத்தில் இப்ப கைகாக்ஸ் நின்றார். வில்லியம்ஸின் கையிலும் கொம்பனி நிலைக்கவில்லை. 1997இல் கடனில் மூழ்கி, விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் என்ற கொம்பனிக்கு விற்கப்பட்டது. 1999இல் அதைப் பெரும் பொம்மைக் கொம்பனியான ஹாஸ்ப்ரோ வாங்கியது. கடுதாசியில் வென்றவர்கள் என்று பார்த்தால், கேயின் பங்கை வாங்கிய புளூம்கள் போய்விட்டார்கள், அவர்களிடம் வாங்கிய வில்லியம்ஸ் போய்விட்டார்.

கைகாக்ஸ் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். லேக் ஜெனீவாவிலேயே இருந்தார். மறுமணம் செய்தார், இன்னொரு பிள்ளையும் பிறந்தது. வீட்டு முன் விறாந்தையில் மேசை போட்டு விளையாட்டு நடத்தினார். எங்கேயோ இருந்தெல்லாம் ஆக்கள் அவரைப் பார்க்க வருவார்கள். வந்தவர்களை இருத்தி விளையாடுவார். 2004இல் பாரிசவாதம் வந்தது. பிறகு வயிற்றுப் பெருநாடி வீங்கியிருப்பதும் தெரிந்தது. அதோடும் விளையாட்டு நடத்தினார். 2008 மார்ச் 4ஆம் திகதி வீட்டிலேயே இறந்தார். வயது 69. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஆர்னசனும் போய்விட்டார். அவருக்கு 61 வயது.

கைகாக்ஸின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள், சடங்கு முடிந்ததும் கலைந்து போகவில்லை. ஊர் மண்டபம் ஒன்றில் கூடி, மேசைகளைப் போட்டு, தாயக்கட்டைகளை எடுத்து விளையாடத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் செத்தவீட்டில் விளையாடுகிறார்களே என்று எங்கட ஆக்கள் யாரும் வியக்கப்போவதில்லை. ஊரில் செத்தவீட்டில் இரவு முழிப்பு இருக்கும்போது திண்ணையில் பாயைப் போட்டு 304 விளையாடி வளர்ந்த ஆக்கள் நாங்கள். துக்க வீட்டில் ஆட்களைக் கலையாமல் வைத்திருக்க வேறு வழி என்ன இருக்கிறது? அந்த நாளின் விளையாட்டு அதோடு நிற்கவில்லை. கேரி கொன் என்ற பெயரில் ஒவ்வொரு வருஷமும் லேக் ஜெனீவாவில் நடக்கிறது. நடத்துவதில் அவருடைய பிள்ளையளும் நிற்கிறார்கள்.

நான் இந்தக் கதையை ஏன் சொல்லுகிறேன் என்றால், எங்கட வீடுகளில் இரண்டாவது வகை மேசைகள்தான் அதிகம். கணக்கு ரியூசன், பியானோ சோதனை, பேச்சுப்போட்டி, திருக்குறள் மனனப் போட்டி. எல்லாவற்றுக்கும் முதலாம் இடம், இரண்டாம் இடம், கேடயம். தமிழைக்கூட நாங்கள் பிள்ளையளுக்குப் போட்டியாகத்தான் கொடுக்கிறோம். மேடைக்கு ஏறி இறங்கியதும் அந்தத் தமிழ் முடிந்துவிடுகிறது. ஒருவர் தொடங்கிய கதையை இன்னொருவர் தொடர, மூன்றாமவர் குழப்ப, எல்லாரும் சேர்ந்து சிரிக்க வைக்கிற மேசையில் ஒரு பிள்ளை நாலு மணித்தியாலம் வாயைத் திறந்து கதைக்கிறது. வரைபடம் கீறுகிறது, பொம்மைக்கு நிறம் தீட்டுகிறது, தன் ஆளுக்கு ஒரு ஊரும் ஒரு தாய்தகப்பனும் ஒரு பழைய துயரமும் எழுதி வைக்கிறது. இது படிப்பைக் கெடுக்கும் என்று பயப்படுகிறவர்களோடு நான் சண்டை பிடிக்க வரவில்லை. படிப்பும் வேண்டும், நேரக் கட்டுப்பாடும் வேண்டும். ஆனால் இது என்னத்துக்கு உதவும் என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒரு பக்கத்தில் வையுங்கள்.

பிள்ளையளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இதை வாசிக்கிறவர்கள் இருந்தால். கொம்பனி தொடங்கும்போது, பாட்டு எழுதும்போது, நண்பர்களோடு சேர்ந்து எதையாவது உருவாக்கும்போது, யார் என்ன செய்தது என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வையுங்கள். கூட இருந்தவரின் பெயரை அட்டையில் இருந்து எடுக்காதீர்கள். கைகாக்ஸ் இரண்டு பக்கமும் நின்று படித்த பாடம் அது. அவர் அதற்குக் கொடுத்த விலை பெரியது.

பெற்றோருக்கு நான் சொல்லுவது இதைவிடச் சின்ன விஷயம். அடுத்த முறை பேஸ்மன்டில் அந்தக் கூட்டம் கூடும்போது ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஓரமாக இருங்கள். உங்களுக்கு விதி ஒன்றும் தெரியத் தேவையில்லை, அவர்கள் சொல்லித் தருவார்கள். நடுச்சாமத்தில் பனங்காணிக்குள் கேட்ட சத்தத்தைப் பற்றி உங்கட அப்பாச்சி சொன்ன கதை ஒன்று இருக்கும். அதைக் கதை நடத்துகிற பிள்ளையின் காதில் போட்டுவிடுங்கள். மிச்சத்தை அந்த மேசை பார்த்துக்கொள்ளும்.